சுவை பார்ப்பவளின் பல்

பழரசத் தொழிற்சாலையில் சுவை பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. கேட்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எலுமிச்சையும் அன்னாசியுமாகக் காலையிலிருந்து புளிப்பையே வாயில் வைத்துத் துப்புகிறவளுக்கல்லவா தெரியும் அந்த அவஸ்தை! பல் கெட்டுவிடக்கூடாதே என்று அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குழாயடிக்கு ஓடி, முரட்டு பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்துவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் மெச்சினார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குப் பலனாகப் பல் கூச ஆரம்பித்தது. குளிர்ந்த ரசம் பட்டால் உச்சந்தலை வரை சுரீர் என்றது. வெளியே சொன்னால் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்களே! ஆசைப்பட்டு வாங்கிய வேலை. அதனால் கோப்பையை உள்ளங்கையில் பொத்தி, சூடேற்றிக் குடித்தாள். சூடேறினால் இனிப்பு தூக்கிக் காட்டும், புளிப்பு அமுங்கிவிடும். அவள் சரி என்று சொன்ன ரசத்தைக் குடித்துப் பார்த்த மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார்.

"இவ்ளோ புளிப்பு உனக்குத் தெரியலையா? திங்கக்கிழமை என் எதிர்ல ஜில்லுனு குடிச்சுச் சொல்லு. தப்பாச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அன்று சாயங்காலம் அவள் தண்ணீரை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குடிப்பதைக் கணவனின் அக்கா பார்த்துவிட்டாள். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ஹெட்மாஸ்டர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"வாயைத் திற."

"ஒண்ணுமில்லை அண்ணி..."

"திறன்னா திற! ஐயோ, எனாமல் இப்படித் தேஞ்சு கிடக்கே! புளிப்பு குடிச்ச கையோட பல்லு தேய்க்கிறியா?"

"ஆமா அண்ணி. சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"நல்லா இருக்கு உன் சுத்தம்! வெயில்ல இளகின தார் ரோட்டை யாராவது போய்ச் சுரண்டுவாங்களா? புளிப்பு பட்டா பல்லோட மேல்பூச்சு இளகியிருக்கும். வெறும் தண்ணில கொப்பளிச்சுட்டு, அரை மணி நேரமாவது பிரஷ்ஷைத் தொடாதே."

திட்டியதோடு விடவில்லை. மறுநாளே தன் விடுமுறையைப் பாழாக்கிக்கொண்டு அவளை மருத்துவரிடம் இழுத்துப்போனாள். தேய்ந்தது இனி வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்ற மருத்துவர், கூசும் இடங்களில் மருந்துப் பூச்சு பூசினார். திரும்பும் வழியில் மென்மையான பிரஷ்ஷும் கூச்சத்துக்கான பற்பசையும் வாங்கி அவள் கையில் திணித்தாள் அண்ணி.

திங்கட்கிழமை. பனி பூத்த கோப்பை. மேற்பார்வையாளர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். லேசாகக் கூசியது, அவ்வளவுதான். சுவை பளிச்சென்று தெரிந்தது.

"ஆரஞ்சு சரியா இருக்கு சார். கடைசில லேசா ஒரு கசப்பு நிக்குது. தோலோட பிழிஞ்சிருக்காங்க."

அவரும் குடித்துப் பார்த்தார். "அதேதான். போய் உன் இடத்துல உக்காரு."

அவள் உட்காரவில்லை. நடைபாதைக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்தாள்.

"நீங்க இல்லைன்னா என் வேலை போயிருக்கும் அண்ணி. இந்த நன்றியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வழக்கம்போல ஒரு அதட்டல் வரும் என்று காத்திருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் அண்ணி.