பத்தொன்பது பச்சைப் படகுகள்

கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே ஆரம்பிக்கிறது என்று கடலுக்கே சந்தேகம் வரும்படி பனி இறங்கியிருந்தது. கட்டுமாவடிக்குத் தெற்கே அந்தக் கரையில் கடலுக்கு ஆழம் போதாது. படகுகள் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் தண்ணீரில் நடந்து வருவார்கள். அன்று காலை பனிக்குள்ளிருந்து முதலில் மீன்கூடை வந்தது, பிறகு தலை, அதற்கப்புறம்தான் ஆள்.

ஐஸ் கடைக்காரர் பெரியகருப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிற கூடைகளிடம் படகுப் பேரைக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டினால் அந்தப் பேர் சிவப்பிலிருந்து பச்சையாகும். சிவப்பு என்றால் கடலில், பச்சை என்றால் கரையில். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் செம்மல். மீன் வியாபாரி வீட்டுப் பிள்ளை. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். பதினொரு நாளாக வெள்ளோட்டம் நடக்கிறது.

வெள்ளோட்டம்தானே என்று இன்-மெமரி டேட்டாபேஸ் ஒன்றை வைத்திருந்தான். படகெல்லாம் மெஷினின் நினைவிலேயே மிதக்கும், டிஸ்கில் ஒரு எழுத்தும் விழாது. மெஷின் நின்றால் அத்தனையும் போச்சு. "அடுத்த வாரம் மாத்திரலாம்ணே" என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஓ.ஆர்.எம். என்றொரு மென்பொருள் தரகர். புரோகிராமில் ஒரு படகைச் செய்து அவர் கையில் கொடுத்தால், அதை அட்டவணையில் ஒரு வரியாக இறக்கி வைப்பது அவர் பொறுப்பு. பதவிசானவர், எதிர்க்கேள்வியே கேட்க மாட்டார். அப்படிப்பட்ட தரகரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு படகை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அடையாளம் வேண்டுமே என்று அவன் பதிவு எண் கேட்டபோது பெரியகருப்பன் சிரித்தார். "நம்பரா? எம் பொண்டாட்டி போன் நம்பரே எனக்குத் தெரியாது. பேரைப் போடுப்பா." பேரைப் போட்டான்.

எட்டு மணிக்கு அடைக்கலமேரி தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலியே."

"படகு பேரு?"

"ஆரோக்கியமாதா."

"அந்தா, பச்சையில இருக்கு தாயி. போன பத்தொம்பதும் வந்தாச்சு. ஆண்ட்ரூஸு டீக்கடையில ஒக்காந்திருப்பாப்ல."

அவள் எட்டிப் பார்த்தாள். பச்சை நல்ல பச்சையாகத்தான் இருந்தது. விடியற்காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

அவள் போன சற்று நேரத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம்; கடையே இருண்டது. ஃபியூஸ் போட்டு, கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததும் பெரியகருப்பன் பார்த்தார். ஒரு படகும் இல்லை. திரையும் வெளியே இருந்த பனியும் ஒரே வெள்ளை.

போனை எடுத்தார். "எலேய் செம்மலு, கடலையே காணோம்டா!"

செம்மல் பைக்கில் வந்து சேர்ந்தான். "அது அப்பிடித்தாண்ணே. அடுத்த வாரம்…"

"ஒன் அடுத்த வாரத்தை ஐஸ்ல போட்டு வையி. மீனவர் சங்கத்துக்காரங்க வந்து கேட்டா என் மூஞ்சியவா காட்டுறது? போயி ஒவ்வொண்ணாக் கேட்டு ஏத்து."

அவன் பேன்ட்டைச் சுருட்டும்போது அடைக்கலமேரி திரும்பி வந்தாள். "டீக்கடையில இல்ல தம்பி. படகுலயே படுத்துத் தூங்குறாரோ என்னமோ. நானும் வாரேன்."

இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். முழங்கால், தொடை. காலடிச் சேறு மெத்தையைப் போல அமுங்கி வழிவிட்டது. பத்தடி போனதும் பின்னால் கரை இல்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. நடக்கிறோமா, நின்ற இடத்தில் காலாட்டுகிறோமா என்று தெரியவில்லை. மனப்பாடமாயிருந்த பேர்களை அவன் பனியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"கடல்ராணி!"

"இங்கிட்டு!"

"வெற்றிவேல்!"

"எவன்டா அவன், தூங்க விடாம?"

குரல்கள் வந்தன, ஆட்கள் வரவில்லை. பனியே பேசுகிற மாதிரி இருந்தது. அவன் காகிதத்தில் டிக் போட்டுக்கொண்டே போனான்.

"ஆரோக்கியமாதா!"

"இங்கிட்டுத்தான்!"

டிக் போட்டான். அடைக்கலமேரி நின்றுவிட்டாள்.

"தம்பி, அது எங்கண்ணன் சந்தனசாமி குரலு."

"ஆமாக்கா, ஆரோக்கியமாதா."

"அது அண்ணனோட ஆரோக்கியமாதா. எங்க ஆரோக்கியமாதா எங்க?"

"ரெண்டு இருக்கா?"

"ஒரே வேண்டுதலுக்கு எடுத்த படகு. மாதா பேரை ரெண்டு பேருமே விட்டுக்கொடுக்கல."

செம்மல் டிக் போட்ட பேரை மறுபடி பார்த்தான். அந்தக் கரையில் வாய்க்கு வருவது ஆண்ட்ரூஸ் படகு, சந்தனசாமி படகு என்பதுதான். மாதா பேர் பெயின்ட்டோடு சரி. கம்ப்யூட்டருக்கு என்றதும் எல்லாருக்கும் மரியாதை வந்து, எழுதியிருந்த பேரைச் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம், கடலுக்குப் போகுமுன் ஐஸ் வாங்குகிற நெரிசலில் சொன்னது யார் என்று பெரியகருப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் ஆண்ட்ரூஸ் போனான், பின்னால் சந்தனசாமி. அதே பேரா, அதே படகு என்று தரகர் ஒன்றின் மேலேயே மற்றதை எழுதிவிட்டார். போனது இருபது, பதிவானது பத்தொன்பது; காலையில் சந்தனசாமியின் கூடை வந்ததும் அந்த ஒற்றை வரி பச்சையாகிவிட்டது. மெஷின் நிற்காமல் இருந்திருந்தால் அந்தப் பச்சை சாயங்காலம்வரை பச்சையாகவே இருந்திருக்கும்.

சந்தனசாமி இருவரையும் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இன்ஜினை இழுத்தார். "எந்தப் பக்கம்னு ஒன் கம்ப்யூட்டரைக் கேளு தம்பி."

கொஞ்ச தூரம் ஓட்டுவதும், இன்ஜினை நிறுத்திக் காது கொடுப்பதுமாகப் போனார்கள். அடைக்கலமேரி முன்னால் நின்று கூப்பிட்டாள். கூப்பிட்டது எதிலும் மோதாமல் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. ஒரு தடவை, மிகப் பக்கத்தில், கொட்டாவி கலந்த ஒரு குரல் கேட்டது.

"யாரு அது, மேரியா?"

இன்ஜின் விசிறியில் வலை சுற்றி, போன் தண்ணீரில் விழுந்து, ஆண்ட்ரூஸ் நாலு மணியிலிருந்து நங்கூரத்தோடு உட்கார்ந்திருந்தான். "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒருத்தனும் தேடி வரலியே மச்சான்?"

"நீ வந்துட்டேன்னு பச்சை விழுந்திருச்சு மாப்ளே. வந்தவனை எங்கிட்டுப் போயித் தேடுறது?"

"வந்துட்டனா? அப்ப வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருக்கிறவன் யாரு?"

அடைக்கலமேரி சிரிக்கவில்லை. படகு விட்டுப் படகு தாண்டி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈரச்சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கீங்களா?"

"பாத்தாத் தெரியலியா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"இருக்கேன்டி."

சந்தனசாமி கயிற்றை வீசினார். அதைப் பிடித்துக் கட்டுவதற்கு ஆண்ட்ரூஸுக்கு ஒரு கைதான் கிடைத்தது.