ஈறு வலி

தூடா, அத்தையின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். குளிப்பாட்டும் பலகைமேல் கிடந்த அம்மாவின் உதடுகளை, முரட்டுக் கையுறை மாட்டிய கையால் அத்தை மறுபடியும் தேய்க்கப் போனாள்.

"விடுடி. இந்தச் சாயத்தோடவா இவள மண்ணுக்குள்ள அனுப்புறது?"

"சாயமில்ல அத்தை. மருந்து."

"மருந்தாம் மருந்து," என்றாள் அத்தை மஹ்ஜூபா.

அம்மா இத்தோ, அஸ்ரூ ஊர்ச் சந்தையில் மரப்பட்டை விற்றவள். வயிற்றுப் பூச்சிக்கு மாதுளைப் பட்டை, மூலத்துக்கு ஓக் பட்டை, ஈறு வீங்கினால் மென்று துப்ப அக்ரூட் பட்டை. இந்தக் கடைசிப் பட்டைதான் வம்பு. மென்றால் ஈறு இறுகும், பல் வெளுக்கும், கூடவே உதடும் செங்காவியாகச் சிவந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் அழகுக்காகவே அதை மெல்வார்கள். அதனால் புருஷன் செத்து வெள்ளை உடுத்தியவளுக்கு மையும் மருதாணியும் போல அதுவும் ஆகாது.

இத்தோ வெள்ளை உடுத்திய முதல் வாரமே மென்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "ஈறு வலி." துக்க காலம் முடிந்த பிறகும் மஹ்ஜூபா விடவில்லை. என் தம்பியே போயாச்சு, இனி யாருக்குக் காட்ட இந்த வாய் என்று சந்தை நடுவிலேயே பட்டையைப் பிடுங்கி எறிந்தாள். இத்தோ சாக்குக்குள் கைவிட்டு அடுத்ததை எடுத்துக் கடித்துக்கொண்டாள். அந்த ஈறு வலிக்காரிதான் பாதாம் கொட்டையைப் பல்லாலேயே உடைத்துத் தின்பாள். அம்மாவின் அந்தத் திமிர் தூடாவுக்கு உயிர். அதைத்தான் இப்போது பலகையில் வைத்துத் தேய்த்தெடுக்கப் பார்க்கிறார்கள்.

"தண்ணி தோல்ல படணும்ல? நீயே சொல்லு யாமினா," என்றாள் மஹ்ஜூபா.

குளிப்பாட்ட வந்த யாமினா இலந்தை இலை கரைத்த தண்ணீரோடு காத்து நின்றாள். "மருதாணி வெச்ச கை எத்தனையோ கழுவியிருக்கேன். வெறும் நெறந்தான, மெழுகா ஒட்டியிருக்கு? தண்ணியெல்லாம் பட்டாச்சு."

"அது கடமைக்குச் சரி. மானத்துக்கு? மொகம் பாக்க வர்றவங்க என்ன பேசுவாங்க?"

கையுறை மறுபடியும் உதட்டை நோக்கி இறங்கியது. தூடா குரலைத் தாழ்த்தினாள்.

"தேச்சுப் பாருங்க. கதவத் தெறந்து சொல்றேன், எங்க வீட்ல ஓக் பட்டைக் கஷாயம் யாரு வாங்கிட்டுப் போவாங்க, எந்த எடத்துல தடவிக்கன்னு."

கதவுக்கு வெளியே பெண்களின் ஓதல் கேட்டுக்கொண்டிருந்தது. யாமினா திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பொடித்த கற்பூரத்தை மறுபடியும் பொடித்தாள்.

"உங்கம்மா சொன்னாளா?" மஹ்ஜூபாவின் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா யாரு நோவையும் வெளிய சொன்னதில்ல. உங்களோடதையும் சொல்லல. காச்சினது நான்."

அத்தை கையுறையைக் கழற்றி வாளி விளிம்பில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

கடைசிக் கற்பூரத் தண்ணீரைத் தூடாவே ஊற்றினாள். தேய்த்த இடத்தில் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. சிவப்பு போகவில்லை. அம்மாவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள், யாமினா தோளைத் தொட்டு எழுப்பும்வரை.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வழக்கம்போல வாசலோடு நின்றுவிட்டார்கள். தூடா உள்ளே வந்து அம்மா உடுத்தியிருந்த துணிகளைச் சுருட்டினாள். இடுப்புப் பையில் ஒரு துண்டு அக்ரூட் பட்டை இருந்தது. ஒரு முனை மட்டும் மென்று தும்பாகியிருந்தது. மறுமுனையை வாயில் வைத்துக் கடித்தாள். கசப்பும் எரிச்சலும் நாக்கில் ஏறின. மெல்ல மெல்ல எச்சில் சிவந்தது.

முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்டை வீட்டார் கொண்டுவந்த தட்டில் பேரீச்சம்பழமும் ஓடு நீக்காத பாதாமும். தூடா நேராகப் போய் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழவு வீட்ல என்னடி வாய் இது?" என்றாள் மஹ்ஜூபா.

"ஈறு வலி அத்தை."

தட்டிலிருந்து ஒரு பாதாம் கொட்டையை எடுத்து, கடைவாயில் வைத்து, டக்கென்று உடைத்தாள்.