பதினெட்டுக் கட்டங்களும் ஒரு மீன் சட்டியும்

நாளைக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கடல் நானூற்றுப் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் பொங்கும் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. பிரிஜட் அந்த நீளக் காகிதத்தைக் கிழித்து எடுத்து, இரண்டு தடவை படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற துரைசாமியிடம் நீட்டினாள்.

"புக்கிட் தீமா மலை உச்சிக்கு ஏறினா மட்டும் தப்பிக்கலாம் லா," என்றார் துரைசாமி. "நாளன்னைக்கு என்ன போட்டிருக்கு?"

"நாளன்னைக்குக் கடலே இல்ல. மைனஸ் தொள்ளாயிரம் அடி."

"நல்லதாப் போச்சு. பத்தாம் தீவுக்கு நடந்தே போயிடலாம்."

துரைசாமி சிரித்தார். பிரிஜட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம், யந்திரம் படிக்கும் அட்டைகளில் துளையிடும் கார்டு அறையில் உட்கார்ந்து விரல் தேய்ந்தவள் அவள். ஆறு மாதத்துக்கு முன்புதான், "பரீட்சார்த்தமாக" என்று சொல்லி, புரோகிராம் எழுதும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஆறு மாதம் நாளையோடு முடிகிறது.

பிரிவுத் தலைவர் நூருல் அமீன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்லுவார்.

"பிரிஜட், நாளைக்கு மூணு மணிக்குத் துறைமுக ஆபீசர் வர்றார். இந்த வருஷம் கடல் ஏறி இறங்குற அட்டவணைப் புத்தகத்தைக் கையிலேயே கொண்டு வருவார். நம்ம காகிதம் அதோட ஒத்துப் போச்சுன்னா நீ புரோகிராமர். போகலன்னா லண்டன்லேர்ந்து ஆள் வருவான், நீ கார்டு அறைக்குத்தான். மேலிடத்துல சொல்லிட்டாங்க, என் கையில ஒண்ணுமில்ல."

"சரி சார்."

"நானூறு அடியா?"

"நானூற்றுப் பன்னிரண்டு சார்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

புரோகிராமில் இரண்டு பகுதிகள். பெரிய பகுதியை பிரிஜட் ஃபார்ட்ரான் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். அதை யந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் இன்னொரு புரோகிராம். சின்னப் பகுதி துரைசாமியுடையது. நிலவும் சூரியனும் கடலை எப்படியெல்லாம் இழுக்கின்றன என்று கூட்டிச் சொல்லும் பகுதி அது. வேகம் வேண்டும் என்பதற்காக, கம்பைலர் பக்கமே போகாமல், யந்திரத்தின் சொந்தக் கட்டளைகளிலேயே அவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தடவை பிரிஜட்டின் பகுதி துரைசாமியின் பகுதியைக் கூப்பிடும். அது விடையோடு திரும்பி வரும். அடுத்த நாள், அடுத்த அழைப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் வரி, அதாவது இன்றைய வரி, அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. இரண்டாவது வரியிலிருந்துதான் பைத்தியம்.

துரைசாமியின் பகுதியைத் தனியாக ஓட்டினால் சரி. பிரிஜட்டின் பகுதியை, துரைசாமியுடையதற்குப் பதில் ஒரு பொய்க் கணக்கை வைத்து, தனியாக ஓட்டினால் அதுவும் சரி. சேர்த்து ஓட்டினால் பிரளயம்.

"என் பகுதியில தப்பு இருந்தா இந்த மீசைய எடுத்துடுறேன்," என்றார் துரைசாமி. "செம்பவாங் கடற்படைத் தளத்துல அஞ்சு வருஷம் ஓடின கணக்கு இது. வெள்ளைக்காரன் கப்பலெல்லாம் இதை நம்பித்தான் உள்ள வந்துச்சு."

"அது பழைய யந்திரம் அண்ணே."

"புது யந்திரத்துக்கு வரி வரியா மாத்தி எழுதியாச்சு. நீ உன் பகுதியைப் பாரு, தங்கச்சி."

கடற்படைத் தளத்தை மூடப் போகிறார்கள் என்று அறிவித்த பிறகு, செம்பவாங்கை விட்டு வேலை தேடி வந்தவர் அவர். அவருடைய அக்கா ரத்தினம்மாவும் தளத்துக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, கணவரோடு ஜாலான் புசாருக்கு வந்திருந்தாள். பிரிஜட் குடியிருக்கும் அதே மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. பிரிஜட்தான் பிடித்துக் கொடுத்தாள். வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

அன்று சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது.

கீழே ஆணிக்கடை, மேலே ஐந்து குடும்பம், ஐந்துக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அதன் நடுவில் பிரிஜட்டின் அம்மா ஆனி, கையில் ஒரு காலி மண்சட்டியோடு நின்றாள். கோவிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. எதிரே ரத்தினம்மா, கரண்டியோடு. ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை, மிகுந்த திருப்தியோடு மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாருடி பிரிஜட்! நாளைக்கு வெள்ளிக்கிழமை, கறி கூடாதுன்னு இன்னிக்கே மீன் குழம்பு வச்சேன். கொதிக்கட்டும்னு அடுப்புல விட்டுட்டு ஓஃபிர் ரோட்டு மாதா கோவில்ல ஜெபத்துக்குப் போயிட்டு வர்றேன். இந்த அம்மா எடுத்துத் தரையில வச்சிருக்கு! சட்டியில மிச்சம் ரெண்டு புளித் தோலு!"

"நான் சமைக்க வேணாமா ஆனிக்கா? அடுப்பு உங்க வீட்டுச் சீதனமா?"

"சமைங்க, யாரு வேணாம்னா? எடுத்துப் பலகையில வச்சு, வேலை முடிஞ்சதும் இருந்த இடத்துல திருப்பி வைக்கணும். பதினோரு வருஷமா இந்த வீட்ல இதான் வழக்கம். வர்றவங்கதான் எடுத்து வைக்கணும். பலகை எதுக்கு இருக்கு?"

"எங்க தளத்து லைன் வீட்ல, வெளிய போறவங்கதான் தன் சாமானைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. அடுப்பு மேல விட்டுட்டுப் போனா, வேணாம்னு அர்த்தம். நான் குப்பையில கொட்டாம தரையில வச்சேனே, அதுக்கு நன்றி சொல்லுங்க!"

"நன்றியா! அந்தப் பூனைகிட்டக் கேளுங்க, சொல்லும்!"

பிரிஜட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா சொல்வது சரி. ரத்தினம்மா சொல்வதும் சரிதான். தனித்தனியாக இரண்டு பேரும் சரி. ஒரே அடுப்பில் சேர்ந்தவுடன் மீன் காணாமல் போய்விட்டது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "துரை அண்ணனும் அந்த லைன் வீட்லதானே வளர்ந்தாரு?"

"வேற எங்க? ஏன் கேக்குற?"

பிரிஜட் கைப்பையைத் திறந்தாள். செங்கல் கனத்தில் இருந்த கம்பைலர் கையேட்டை எடுத்து, அரிசி டின் மேல் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"நான் இங்க மீன் போச்சுன்னு கத்துறேன், இவ புஸ்தகம் படிக்கிறா!" என்றாள் ஆனி.

ரத்தினம்மாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. "பாப்பாவுக்கு ஆபீஸ்ல ஏதோ தொந்தரவு போலிருக்கு, ஆனிக்கா. விடுங்க."

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பிரிஜட் எழுந்து நின்றாள். "அம்மா! பலகை இருக்கும்மா! இங்கேயும் பலகை இருக்கு!"

மறுநாள் காலை எட்டு மணிக்கு, துரைசாமி கோப்பியை உறிஞ்சி முடிப்பதற்குள் கையேடு அவர் மேஜைமேல் விழுந்தது.

"அண்ணே, யந்திரத்துக்குள்ள எண்களை வைக்க, நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா, பதினாறு அறை இருக்கு. என் பகுதி உங்களைக் கூப்பிடும்போது அந்த அறைகள்ல என்னென்ன இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? உன் சாமான். அவசியமானதை எடுத்து வச்சுக்கிட்டுத்தான் கூப்பிடுவே."

"நான் எடுத்து வைக்க மாட்டேன். இது எத்தனாவது நாள்ங்கிற எண்ணிக்கைகூட அப்படியே அறையிலேயே கிடக்கும். இந்தக் கம்பைலர் அப்படித்தான் எழுதித் தருது."

"அப்படியே போட்டுட்டா கூப்பிடுறே? என்ன பொம்பளப் புள்ளை நீ!" துரைசாமிக்குக் குரல் ஏறியது. "பழைய யந்திரத்துல கூப்பிடுறவன் தன் சாமானைத் தானே பத்திரப்படுத்துவான். நான் எந்த அறைய வேணும்னாலும் எடுத்துக்குவேன், போட்டது போட்டபடி வந்துடுவேன். அதானே முறை?"

"நேத்து உங்க அக்காவும் அட்சரம் பிசகாம இதையேதான் சொன்னாங்க. எங்க மீனைப் பூனை தின்னுடுச்சு."

அவள் கதையைச் சொன்னாள். துரைசாமி முதலில் முறைத்தார், பிறகு மூக்கால் சிரித்தார், பிறகு நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அறையில இருக்கறதை எடுத்து வைக்கணும்கிறே. சரி, எங்க வைக்கிறது? என் தலையிலயா?"

"கூப்பிடுறவங்க யந்திரத்தோட நினைவகத்துல பதினெட்டுக் கட்டம் ஒதுக்கித் தரணும், அது எங்க இருக்குன்னு பதின்மூணாம் அறையில எழுதி வைக்கணும். கம்பைலர் அதைச் செஞ்சிடுது. அதுதான் பலகை. நீங்க வந்ததும் எல்லாத்தையும் அதுல எடுத்து வைங்க, போகும்போது திருப்பி வைங்க. ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு வழக்கம் அண்ணே. இந்த வீட்டுக்காரர் கம்பைலர். அவர் சட்டப்படிதான் நடக்கணும்."

"எத்தனை கட்டளை?"

"உள்ள வரும்போது ஒண்ணு. வெளிய போகும்போது ஒண்ணு."

துரைசாமி பென்சிலால் தலையைச் சொறிந்தார். "ரெண்டு வரிக்கா கடல் நானூறு அடி எழும்புச்சு?"

பத்து மணிக்கு அவர்களுக்கு யந்திரம் கிடைக்கும். கார்டு குத்த ஆளைத் தேட நேரமில்லை. பிரிஜட்டே கார்டு அறைக்கு ஓடினாள். அவளுடைய பழைய நாற்காலியில் இப்போது அஸ்மத் இருந்தாள்.

"என்னடி, திரும்பி வந்துட்டியா? எந்திரிக்கவா?"

"ரெண்டே ரெண்டு கார்டுக்கு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க," என்று அஸ்மத் எழுந்து இடம் விட்டாள். பிரிஜட்டின் விரல்கள் விசைகளை மறக்கவில்லை. ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டும் வெளியே வந்தன. ஒன்றைத் துரைசாமியின் கார்டுக் கட்டின் தொடக்கத்திலும், மற்றொன்றைக் கடைசிக் கட்டளைக்கு முன்னாலும் செருகினார்கள்.

யந்திரம் கார்டுகளை விழுங்கியது. அச்சு யந்திரம் தடதடத்தது. முதல் வரி, வியாழன், சரி. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். இரண்டாவது வரி, வெள்ளி: உச்சம் ஒன்பது அடி சொச்சம். சனி, ஞாயிறு, திங்கள்... கடல் நல்ல பிள்ளையாக ஏறி இறங்கிக்கொண்டே போனது. பிரிஜட் துரைசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினாள்.

மூன்று மணிக்குத் துறைமுக ஆபீசர் தன் புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, ஒரு மாதம் முழுவதையும் வரி வரியாக ஒப்பிட்டார். நாற்பது நிமிடம். பிறகு, "அடுத்த வருஷம் முழுவதுக்கும் அச்சடித்துத் தர முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவுதான்.

அவர் போனதும் நூருல் அமீன் வழக்கமான முகத்தோடு வந்தார். "நேத்து யாரோட பகுதியில தப்பு?"

துரைசாமி தரையைப் பார்த்தார். அவர் கை மீசைக்குப் போயிருந்தது.

"யாரோட தப்பும் இல்ல சார்," என்றாள் பிரிஜட். "ரெண்டு வீட்டு வழக்கம் ஒரே அடுப்புல மாட்டிக்கிச்சு."

"புரியல. பரவாயில்ல. திங்கக்கிழமை கார்டு அறையில இருக்கிற உன் லாக்கரைக் காலி பண்ணிட்டு வந்துடு. புரோகிராமருக்கு மேஜையிலேயே பூட்டு இருக்கு." சொல்லிவிட்டுத் திரும்பியவர், கதவருகே நின்று, முதல் தடவையாகச் சிரித்தார். "வாழ்த்துக்கள்மா."

"பாதி மீசை எடுக்கணுமா தங்கச்சி?" என்றார் துரைசாமி.

"இருக்கட்டும் அண்ணே. பாதி மீசையோட வந்தா கம்பைலரே பயந்துடும்."

அட்டவணைப்படி அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குக் கடல் மிகவும் இறங்கியிருக்க வேண்டும். கடலோடு சேரும் ரோச்சோர் கால்வாயை பஸ் தாண்டும்போது பிரிஜட் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தெட்டு. கால்வாயின் அடிச்சேறு முழுசாக வெளியே தெரிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. பஸ்ஸில் அத்தனை பேரும் மூக்கைப் பொத்தினார்கள். அவள் ஒருத்தி மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துச் சீட்டுக் கிழவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மாடியில் சமையலறைச் சுவரில், கரித்துண்டால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "வருபவர் எடுத்து வைக்கவும். போகும்போது திருப்பி வைக்கவும்." ரத்தினம்மாவின் கையெழுத்து.

"நான்தான் எழுதுங்கன்னு சொன்னேன்," என்றாள் ஆனி. "உனக்கு என்னாச்சுடி, ஆபீஸ்ல?"

"புரோகிராமர் ஆயிட்டேம்மா!"

ஆனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரத்தினம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுப்பின் மேல், நேற்று ஆனி வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், அதே மண்சட்டி இருந்தது. பிரிஜட் மூடியைத் திறந்தாள். உள்ளே நிறையச் சேமியா பாயசம், முந்திரிப் பருப்பு மிதக்க.

"வெறும் சட்டியையா திருப்பி வைப்பாங்க?" என்றாள் ரத்தினம்மா. "செம்பவாங்ல இது எங்க வழக்கம். இதையாவது மாத்தச் சொல்லாதீங்க, ஆனிக்கா."

"யாரு மாத்தச் சொன்னா?" என்று ஆனி தட்டுகளை எடுத்து வைத்தாள். "முதல்ல அந்தப் பூனையை வெளிய விரட்டுங்க."