தோலோன் கணவாயில் ஒரு கேள்வி

கிர்கிஸ்தானில், நாரின் நகரத்திலிருந்து வர வேண்டிய மினிபஸ் பனியில் மாட்டிக்கொண்டது. கராபுலாக் ஊரிலிருந்து அன்று தலைநகர் பிஷ்கேக்குக்குக் கிளம்பிய கார் தாலாயுடையது மட்டும்தான். அதில் ஏறுவதற்குப் பெரிசாத்துக்குக் கால் வரவில்லை.

முந்தின நாள்தான் இந்தத் தாலாய் ஊர்ச் சுகாதார நிலையத்தின் கதவை எட்டி உதைத்திருந்தான். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிசாத் கூட்டிய கூட்டம் அது. பிஷ்கேக்கில் உளவியல் படித்து, முனைவர் பட்டத்துக்காக முதன்முதலில் ஊர் ஊராக இறங்கியிருந்தாள். கல்யாணமான பெண்களுக்குப் படுக்கையில் என்ன சுகம், என்ன வலி, அதை அவர்கள் யாரிடம் சொல்ல முடிகிறது என்பதுதான் ஆய்வு. இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு சரி என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலேயே சத்தியம் செய்துகொடுப்பாள்.

"எங்க படுக்கையறையக் கொண்டாந்து ஊர்ல ஏலம் போடுறீங்களா?" என்று கத்தினான் தாலாய். "வெளிநாட்டுக் காசு வாங்கிட்டு எங்க பொண்டாட்டிங்களக் கெடுக்கறியா நீ?"

அவன் மனைவி புருல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். சற்று முன்புதான் அவள் அந்த வட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்திருந்தாள். "மாஸ்கோல வேலை பாத்துட்டு வந்ததுலேர்ந்து அவரு என் பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல. அங்க எவளோ இருக்கா. இல்லன்னா நான் அவ்வளவு அசிங்கமாவா ஆயிட்டேன், சொல்லுங்க?"

அன்று சாயங்காலமே ஊர் நிர்வாகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் புகார் போய்விட்டது. உடனே புறப்பட்டு வா, ஆய்வு தொடரலாமா கூடாதா என்று நெறிமுறைக் குழு முடிவு செய்யப்போகிறது என்று பேராசிரியை போனில் சொன்னார். போகாமல் முடியாது.

"பின்னாடி சீட்ல உக்காந்துக்கோ" என்றாள் சுகாதார ஊழியர் துர்சுனாய். "அடிவாரம் வரைக்கும் ஆடு வாங்கப் போற புருஷன் பொண்டாட்டி கூட வர்றாங்க. தாலாய் கத்துவான், கடிக்க மாட்டான்."

"அடிவாரத்துக்கு அப்புறம் அக்கா?"

துர்சுனாய் அவள் பையில் வழிக்கு ஒரு கைப்பிடி உப்புத் தயிர் உருண்டைகளைப் போட்டுவிட்டாள்.

அடிவாரத்தில் அந்த இருவரும் இறங்கிக்கொண்டார்கள். அதன்பின் மலையும் பனியும் கண்ணாடியைத் துடைக்கும் சத்தமும்தான். போனில் சிக்னல் போய்விட்டது. தாலாய் அவ்வப்போது மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோலோன் கணவாயின் உச்சிக்குச் சற்று முன்னால், பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையருகே காரை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பனியில் நின்று சிகரெட் பிடித்தான். பெரிசாத் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி ஓடினால் எங்கே ஓடுவது? அவன் திரும்பி வந்து, தோளில் விழுந்திருந்த பனியைக்கூடத் தட்டாமல், தன் இருக்கையில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பொண்டாட்டி நேத்து என்ன சொன்னா?"

"சொல்ல முடியாதுண்ணே."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

"இங்கயே இறக்கி விட்டுட்டுப் போனா என்ன பண்ணுவ?"

"நடப்பேன்."

"விறைச்சுச் செத்துருவ."

"தெரியும்." கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "அப்பவும் சொல்ல மாட்டேன்."

அவன் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான். ஹாரன் மலையில் மோதித் திரும்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேறு யாரோ பேசுவதைப் போல அவன் குரல் வந்தது.

"சிரிச்சாங்களா? அத மட்டும் சொல்லு. என்னப் பத்திச் சொல்லிச் சிரிச்சாளுங்களா?"

பெரிசாத் கண்ணைத் திறந்தாள். அவன் பிடரி சிவந்திருந்தது.

"யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கிற இடமில்லண்ணே அது."

"மாஸ்கோல கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்தேன்" என்றான் அவன். "முதுகுல அடி. நடக்கிறேன், ஓட்டுறேன், மூட்டை தூக்குறேன். ஆனா..." கையை வெறுமனே விரித்தான். "படுக்கையில ஒண்ணும் இல்ல. செத்த மாதிரி. அவகிட்ட விழுந்ததையே சொல்லல. அவ கண்டுபிடிச்சுட்டா, வந்து உங்ககிட்ட சொல்லிட்டான்னு நெனச்சேன்."

பயம் இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து ஏறியது. அவ அப்படி நினைக்கல, உங்களுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு அழுவறா. இந்த ஒரு வரி போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இவன் அழுதுவிடுவான், வீட்டுக்கு ஓடுவான், எல்லாம் சரியாகிவிடும். அல்லது, இதையா ஊர்முன்னால் சொன்னாய் என்று புருலை அடிப்பான். எது நடக்கும் என்று பெரிசாத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வரி புருலுடையது, தன்னுடையதல்ல. விழுங்கிக்கொண்டாள்.

"முதுகுத்தண்டுல அடிபட்டா இப்படி ஆகும்ணே. நீங்க ஒருத்தர் இல்ல. பிஷ்கேக்ல டாக்டர் இருக்காரு, விலாசம் தர்றேன். வீட்டுல அக்காகிட்ட நீங்களே சொல்லலாமில்ல?"

"சொன்னா போயிடுவா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"நீ அவகிட்ட சொல்லிருவ" என்றான்.

"அவங்க சொன்னத உங்ககிட்ட சொன்னேனா?"

அவன் முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எழுதி நீட்டிய விலாசத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

குழுவின் முன் பெரிசாத் தன் தவறையும் சேர்த்தே சொன்னாள். மனைவிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், கணவர்களைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேன். அவர்களுக்கும் ஓர் ஆண் மருத்துவரோடு தனியாக ஒரு கூட்டம் வேண்டும் என்றாள். ஊர் ஒப்புக்கொண்டால் தொடரலாம் என்றார்கள். ஊர் ஒப்புக்கொண்டது. புகார் கொடுத்தவர்களிடம் பேசியது தாலாய் என்று துர்சுனாய் போனில் சொன்னபோது பெரிசாத்தால் நம்ப முடியவில்லை.

அவள் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்த அன்று, மேல்கோட்டைக் கழற்றுமுன் புருல் உள்ளே வந்தாள். வெளியே காரில் தாலாய் காத்திருந்தான்.

"அன்னிக்கு வண்டியில அவரோட போனியே. என்ன பேசினாரு?"

"அக்கா, அத நான் சொல்ல முடியாது."

"அப்ப பேசியிருக்காரு."

பெரிசாத்துக்குச் சுருக்கென்றது. வாய் தவறிவிட்டது.

"அந்த மாஸ்கோக்காரியப் பத்தியா? பேரு சொன்னாரா?" புருல் நெருங்கி வந்தாள். "உன்ன நம்பி என் மானத்த அவுத்து வச்சேன். நீ அவரு பக்கம் சேந்துகிட்டு என் மூஞ்சியப் பாத்து வாய மூடுற."

"நான் யாரு பக்கமும் இல்லக்கா. நான் பேசாம இருக்கறதுக்கு எந்த அர்த்தமும் இல்ல. நீங்க இங்க சொன்னதையும் நான் யாருகிட்டயும் சொல்லல. கேக்க வேண்டிய ஆளு வெளிய உக்காந்திருக்காரு."

"த்தூ" என்றாள் புருல். கதவு சுவரில் அறைந்து நின்றது.

ஜன்னல் வழியே பெரிசாத்தும் துர்சுனாயும் பார்த்தார்கள். புருல் காருக்குள் ஏறினாள். கையை நீட்டி நீட்டிக் கத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். அவள் கை பாதியில் நின்றது. அவன் மறுபடி சொன்னான். திடீரென்று அவள் அவன் தோளில் குத்தினாள், இரண்டு கையாலும், மாறி மாறி.

"அடிக்கிறாளே!" என்றாள் துர்சுனாய். "போய் விலக்கவா?"

"வேண்டாம்க்கா." பெரிசாத் துர்சுனாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் செய்தது சரியா என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே தெரியவில்லை.

கார் நகர்ந்து, தெரு முனையில் திரும்பி மறைந்தது.

மறுநாள் காலை புருல் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. உட்காரவில்லை.

"அந்த டாக்டர் விலாசம் வேணும். தொலச்சிட்டாராம், கழுதை. மனுஷன் சாரத்துலேர்ந்து விழுந்திருக்காரு, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லல. நான் இல்லாத ஒருத்தியத் திட்டிட்டு உக்காந்திருந்தேன்."

பெரிசாத் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். புருல் அதைக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரு சரி பண்ணிருவாரா?"

"சிலருக்கு ஆகுதுக்கா. சிலருக்குக் கொஞ்சந்தான்."

புருல் கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

"உன் மேல கோவம் எனக்கு இன்னும் போகல, தெரியுமா?"

"தெரியும்க்கா."

"சரி. டீ இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.