எட்டாவது வரி

ஒரு டிவி சந்தாவுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பவர்கள், போன மாதம் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வீடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

போட்டி இரண்டு கம்பெனிகளுக்குள். இரண்டின் பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. ஒன்றின் முத்திரையில் ஆந்தை, இன்னொன்றில் குடை. அதனால் ஆந்தை, குடை என்றே கூப்பிட்டோம். இரண்டுமே இரண்டு வாரம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றன. ஓசி என்றால் எங்கள் வீட்டு ஆண்கள் விடுவார்களா? முதல் இரண்டு வாரம் குடை, அடுத்த இரண்டு வாரம் ஆந்தை. அப்புறம் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பது என்று ஏற்பாடு.

ஏற்பாடு என் வீட்டுக்காரருடையது. லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், எங்களோடுதான் இருக்கிறார். மருந்துக் கடையில் வேலை. மேட்ச் ஓடும்போது சோபாவில் உட்கார்ந்தபடியே விரலைத் தூக்கி அவுட் கொடுப்பார், அதனால் வீட்டில் அவருக்கு அம்பயர் என்று பெயர். மூன்றாவது ஆள் என் மகள். இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிறவள். ஆந்தைக்கும் குடைக்கும் மார்க் போட்டு அட்டவணை தயாரிக்கும் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள்.

நான்காவது ஆள் நான். என்னை யாரும் எதற்கும் நியமிக்கவில்லை.

நான் பாட்டில் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பதினாறு வருஷம். பெல்ட்டில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும், விரிசல் விட்டது, வாய் உடைந்தது, மூடி கோணியது எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாத்திரம் கழுவுகிற மாதிரி, எட்டு மணி நேரம். காதுக்கு வைத்துக்கொள்ளப் பஞ்சு உருண்டை கொடுப்பார்கள், வருஷத்துக்கு ஒரு ஜோடி. மூன்றாவது வாரமே அது தேய்ந்து பட்டாணி ஆகிவிடும்.

அந்தச் சத்தத்தில் யாரும் குரலில் பேசுவதில்லை. வாயை மட்டும் அசைப்போம். இரண்டு விரலை மணிக்கட்டில் தட்டினால் டீ நேரம். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார், அவருக்குக் கன்னம் பெரிசு. யார் மருமகள் யாரைப் பேசினாள் என்பது வரைக்கும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் முப்பது அடி தூரம் போய்ச் சேரும். அதனால் எங்கள் லைனில் யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எனக்குக் கேட்காது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போனது, பிறகு வாசல் பெல், பிறகு முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் எல்லாரும். ஆறு வருஷமாக முகத்தைப் பார்த்துத்தான் நான் பேச்சைப் பிடிக்கிறேன். வருஷாவருஷம் கம்பெனியில் காதுக்கு டெஸ்ட் வைப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கிறபோதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே நர்சம்மா மெஷினைத் தட்டும்போது அவர் தாடை லேசாக இறங்கும். அதைப் பார்த்து அழுத்துவேன். நூற்றுக்கு நூறு. “உங்க வயசுக்கு அருமையான காதும்மா” என்றார் டாக்டர். அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைக்க?

மறைத்ததற்குக் காரணம் உண்டு. தெரிந்தால் லைனிலிருந்து எடுத்துப் பின்கட்டில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்துவிடுவார்கள். பேச்சுத்துணைக்கு ஒரு முகம் இருக்காது. சரி, வீட்டில் ஏன் சொல்லவில்லை? கோபத்தில்தான். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மூன்று பேரில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? அவர்களாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. லீவு நாள் சாயங்காலம் நாலு பேரும் சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படம் பார்க்கிற இரண்டு மணி நேரம். வாரத்தில் எங்களுக்கு வாய்ப்பது அதுதான். அந்தப் படம் எனக்கும் புரிய வேண்டும். அவ்வளவுதான். எல்லாரும் சிரிக்கும்போது நானும் வாயைத் திறந்து வைத்துக்கொள்வது எனக்கு அலுத்துவிட்டது.

குடை வந்த இரண்டு வாரமும் எனக்குத் திருவிழா. எந்த ஊர்ப் படம் போட்டாலும் கீழே தமிழில் சப்டைட்டில் ஓடியது. கதவு தட்டுகிற சத்தம் என்றால் அதையும் எழுத்தில் போட்டான் மகராசன். ஒரு ஆஸ்பத்திரிக் கொலைக் கதை, பத்து பாகம். ஆறாவது பாகத்திலேயே மயக்க மருந்து டாக்டர்தான் கொலைகாரன் என்று சொன்னேன். அம்பயர் விரலைத் தூக்கி, “நாட் அவுட் அண்ணி” என்றார். பத்தாவது பாகத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் கழித்து ஒரு கதையை முழுசாகப் பார்த்திருக்கிறேன்!

அடுத்து ஆந்தை வந்தது. ஆந்தையில் எல்லாப் படமும் தமிழிலேயே பேசும், டப்பிங். சப்டைட்டில் கிடையாது. கேட்கிறவர்களுக்கு அது சௌகரியம். என்னைப் போல வாயைப் பார்க்கிறவளுக்கு? வெள்ளைக்காரத் துப்பறிவாளன் வாயைக் குவிக்கிறான், பல்லைக் கடிக்கிறான், அத்தனையும் அவன் பாஷைக்கு. அந்த வாயில் எந்தத் தமிழைத் தேடுவது? சரி, நம் நாடகமே பார்ப்போம் என்றால், பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று அழுகிறார்கள். இரண்டு வாரமும் அந்தச் சோபாவில் தலையணையோடு தலையணையாக உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். மகள் அட்டவணையை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். விலை, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், புதுப் படம், நேரலை மேட்ச், படத்தின் தெளிவு, நெட் செலவு என்று வரி வரியாக, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். என் வீட்டுக்காரர் டிவிக்கு முன்னால் நின்று தன் தாளை மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ வாசித்தார். ஒரு எழுத்துகூட எனக்கு விளங்கவில்லை. தாளை இறக்கியதும்தான் வாய் தெரிந்தது.

“ஆக மொத்தம் ஆந்தை அறுபத்தெட்டு, குடை அறுபத்துநாலு. ஆந்தைதான். இதுல முக்கியமா உனக்காகத்தான் முடிவு பண்ணோம். எல்லாம் தமிழ்லயே பேசுது. நீ எழுத்துக் கூட்டிப் படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்க வேணாம் பாரு.”

எனக்காக! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எப்போது எழுத்துக் கூட்டினேன்? இருந்தாலும் அடக்கிக்கொண்டு தாளைப் பார்த்தேன். பெல்ட்டில் இருநூறு பாட்டில் ஓடும்போது நடுவில் ஒன்று இல்லையென்றால் என் கை தானாக நீளும். பதினாறு வருஷப் பழக்கம். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது.

“எட்டு எங்க?” என்றேன்.

“எந்த எட்டு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஏழுக்கு அப்புறம் ஒன்பது இருக்கு. எட்டாவது வரி எங்க போச்சு?”

“டைப் பண்றப்ப விட்டுப்போயிருக்கும் அண்ணி. விடுங்க, கூட்டல் சரியாத்தான் இருக்கு” என்றார் அம்பயர்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி அசைத்தாள். தொண்டை அசையவில்லை. எங்கள் லைனில் பேசுகிற பேச்சு அது.

“சப்டைட்டில். குடைக்குப் பத்து. ஆந்தைக்கு ஒண்ணு. அப்பா எடுக்கச் சொன்னாரு.”

ஆண்கள் இரண்டு பேரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது கற்றாள், எத்தனை நாள் என் வாயையும் என் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்? இவள் எனக்கென்று ஒரு வரி போட்டிருக்கிறாள். அதைப் பிடுங்கிவிட்டு, உனக்காகத்தான் என்று என்னிடமே சொல்கிறார் அந்த மனுஷர்.

மனக்கணக்குப் போட்டேன். அந்த வரி இருந்தால் குடை எழுபத்துநாலு, ஆந்தை அறுபத்தொன்பது.

“சப்டைட்டிலை ஏங்க எடுத்தீங்க?” என்றேன்.

அவர் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். “யாரு சொன்னா?”

“யாராவது சொன்ன சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

அம்பயர் பேந்தப் பேந்த விழித்தார். என் வீட்டுக்காரர் பூசி மெழுக ஆரம்பித்தார். “அது வந்து... எல்லாருக்கும் பொதுவானது மட்டும் இருக்கட்டும்னு...”

“அண்ணனும் தம்பியும் மட்டும் பார்க்கிற மேட்ச் பொதுவா? அதுக்குப் பத்து மார்க் போட்டு நாலாவது வரியில வச்சிருக்கீங்க. குடையில மேட்ச் வராது. அதானே விஷயம்?”

அவர் தன் தாளை நாலாக மடிக்க ஆரம்பித்தார்.

“எனக்குக் காது கேட்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஆறு வருஷமாக நான் வாய்க்குள் வைத்திருந்ததை அப்படிப் போட்டு உடைப்பேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“மூஞ்சிய நிமிர்த்திச் சொல்லுங்க.”

நிமிர்ந்தார். “தெரியும். மூணு வருஷமா தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

மூன்று வருஷம்! தெரியாமல் செய்தார் என்றால் மடத்தனம் என்று விட்டிருப்பேன். தெரிந்துகொண்டே மூன்று வருஷம் முதுகைக் காட்டிப் பேசியிருக்கிறார். தெரிந்துகொண்டே இன்றைக்கும் தாளை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார். நான் தலையாட்டுவதைப் பார்த்து, சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவருக்கு எவ்வளவு வசதி! எத்தனை விஷயத்தை இப்படி என் தலையாட்டலில் முடித்துக்கொண்டாரோ தெரியாது.

அம்பயர் எழுந்து என் பக்கத்தில் வந்து, வாயை ஒரு முழத்துக்குத் திறந்தார். “அண்ணீ! எனக்குச் சத்தியமாத் தெரியாது அண்ணீ!”

“கத்தாதீங்க தம்பி. கத்தினா வாய் கோணுது, படிக்க முடியல.”

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். பக்கவாட்டில் பாதி வாய்தான் தெரிந்தது, அதுவே போதும். “குடையையே வாங்கிரலாம்ண்ணே. அண்ணி பாவம்.”

“பாவம்னு எனக்கு யாரும் எதையும் வாங்கித் தர வேணாம்!” என்று சொல்லிவிட்டு, அட்டவணையை டீப்பாயில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பாவமாம். இவ்வளவு நேரம் அட்டவணையில் ஒரு வரிக்கு ஆகாதவள், அரை நிமிஷத்தில் பாவம் ஆகிவிட்டேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சமையலறையில் ஒரு ஆள்தான் நிற்கலாம். சுவரை ஒட்டித் தொட்டி, தொட்டிக்கு மேலே கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் சைக்கிள் நிறுத்துகிற சந்து. காலைப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்ததைவிட உருட்டியது அதிகம். எனக்கென்ன, கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

அவர் பின்னால் வந்து வாசல்படியில் நின்று மூன்று தடவை என்னைக் கூப்பிட்டாராம். மகள் பிறகு சொன்னாள். தோளைத் தொடக் கையை நீட்டிவிட்டு, பயந்து இழுத்துக்கொண்டாராம். எனக்கும் தொட்டிக்கும் நடுவில் நுழைய இடமில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று என் முதுகைப் பார்த்தாராம். அப்புறம் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாராம்.

எனக்குத் தெரிந்தது இதுதான். வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு சைக்கிள்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார். முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வியர்த்திருந்தது. மீசையை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார், உதடு தெரிவதற்காக.

“உனக்கு எது வேணும்?” என்றார்.

கத்தவில்லை, கோணவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. நாலு வாரத்தில் இந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் இவர் எதையுமே என் முகத்துக்கு நேரே நின்று கேட்டதில்லை. அழுகை வந்தது. அதற்கு மேல் கோபம் வந்தது.

“குடை வேணும். பாவத்துக்கு இல்ல. எனக்கு வேணும். இனிமே இந்த வீட்டுல எதைக் கேட்டாலும் இப்படி வந்து முன்னால நின்னு கேளுங்க.”

என்ன சத்தத்தில் சொன்னேனோ, எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர் மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் எதையும் திரும்பிப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.