ஜின்சியின் ஒருசந்தி

மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது விக்டோரியாவுக்கு மார்த்தாண்டம் சந்தையில் வைத்துத்தான் தெரிந்தது. சாளை மீன் வாங்க வந்த ஒருத்தி பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உனக்க மவ ஜின்சி இல்லியா?"

கட்டழகுப் போட்டி மேடையில் ஏறிய மாவட்டத்தின் முதல் பெண் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுத்தை யார் பார்த்தார்கள்? இடுப்பில் கைக்குட்டையளவு துணி, நெஞ்சில் அதிலும் சிறியது. உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, இரண்டு கையையும் மடக்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள் ஜின்சி. வள்ளம் தள்ளுகிற ஆண்களுக்கு இருப்பதுபோல் தோள். விக்டோரியா பாதிக் கூடை மீனோடு பஸ் ஏறிவிட்டாள். போதாக்குறைக்கு, சத்துமாவுக் கடைக்காரன் ஒருவன் அவளை மாடலாக்கி, அதே கோலத்தில் ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்துச் சந்திப்பில் கட்டினான்.

"அது மேடைக்குள்ள உடுப்பும்மா," என்றாள் ஜின்சி. "நீந்தப்போறவன் வேட்டி கட்டிட்டா போவான்? தென்னிந்திய அளவுல ஜெயிச்சா ரயில்வேல வேல கெடைக்கும். பிறவு நீ மீன் சொமக்காண்டாம்."

அப்பா கிளீட்டஸ் 2004 சுனாமியில் போனவர். அலை வந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். அவள் ஒரு கையால் தென்னையைக் கட்டிக்கொண்டாள். மறு கையிலிருந்து அப்பா வழுகிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் பெலப் பைத்தியம் பிடித்தது. முதலில் கடற்கரைக் கல்லைத் தூக்கிப் பார்த்தாள். வளர்ந்து மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனபோது, ஜெபசீலன் மாஸ்டரின் ஜிம் கண்ணில் பட்டது. ஆண்கள் மட்டும் வருகிற இடம். அவர் துரத்திப் பார்த்தார். அவள் மறுநாளும் வந்து நின்றதால் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் ஊரான அந்தோணியார்துறையில் ஊர்க்கமிட்டி என்றால் பாதி போலீஸ், பாதி கடவுள். பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் தலைவர் ஆன்ட்ரூஸ். "நான் என்ன களவா செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு ஜின்சி ஜிம்முக்குப் போய்விட்டாள். அன்றோடு ஊர்விலக்கு. கடற்கரை ஏலத்தில் விக்டோரியாவுக்கு மீன் கிடையாது, கல்யாணத்துக்கு அழைப்பு கிடையாது. பக்கத்துத் துறைக்கு நடந்து மீன் எடுத்து வயிற்றைக் கழுவினாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். டிசம்பரில் சுனாமிப் பூசை நடந்தது. இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கிளீட்டஸ் பெயர் வரவில்லை. உயிரோடிருப்பவர்களை விலக்கலாம், செத்தவனை எந்த ஊரில் விலக்குவார்கள்? அன்றிலிருந்து விக்டோரியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த டிசம்பரில் அந்தப் பெயர் கோயிலில் கேட்க வேண்டும்.

நாற்பது நாள் நோன்பான தபசு காலம் பிறந்தது. விபூதிப் புதனன்று ஜின்சி சோற்றைத் தள்ளி வைத்தாள். மீனை மட்டும் அவித்துக் கொடு, உப்புக் குறைவாகப் போடு என்றாள். தபசுக்கு இறைச்சிதான் விலக்கு. மீனையும் விலக்கச் சொன்னால் கடற்கரையில் பாதிரியாருக்கே கஞ்சி கிடைக்காது.

"ஒருசந்தி இருக்கியா மக்கா?" என்று விக்டோரியா ஆவலோடு கேட்டாள். நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டு நோற்பதுதான் ஒருசந்தி.

ஜின்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். "ம்," என்றாள். அந்த ஒற்றை எழுத்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

விஷயம் வேறு. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் தென்னிந்தியப் போட்டி. அதற்குத்தான் சோறு நின்றது, உப்பு குறைந்தது. வேலைக்கென்று சீக்கிரமே கிளம்பி ஜிம்மில் பாரம் தூக்கினாள். அம்மாவோ, மகள் கொஞ்சங்கொஞ்சமாக வற்றுவதைக் கண்டு உள்ளுக்குள் பூரித்துப்போனாள். மற்ற வீடுகளில் வெள்ளிக்கு வெள்ளி ஒருசந்தி. இவள் வீட்டில் தினமும். அடுத்த வீட்டு அபினாவிடம் சொன்னாள். அபினாவிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. ஆன்ட்ரூஸ் தாமே வீடு தேடி வந்தார்.

"பெரிய வெள்ளிக்கு உனக்க மவ சிலுவ சொமக்கட்டு. ஊரு பாக்கட்டு. அதோட விலக்கு தீந்தாச்சு."

கனத்த அயனி மரத்துச் சிலுவை. ஆண்களே ஆள் மாற்றித்தான் சுமப்பார்கள். கோயிலிலிருந்து கடலோரமாகவே, ஊர் எல்லையில் சிலுவை நட்ட சிறு கோயிலான குருசடி வரை மணலில் போக வேண்டும். விக்டோரியா மகளிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"என்னைக்கு? வெள்ளிக்கெழமையா?"

"ஓம். உனக்க அப்பனுக்க பேர வாசிப்பாவ மக்கா."

"உனக்கு அது வேணும், இல்லியாம்மா?"

விக்டோரியா தலையை ஆட்டினாள். "செரி, சொமக்கியேன்," என்றாள் மகள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமையிலிருந்து ஜின்சி தண்ணீரை நிறுத்தினாள். தோலுக்கடியில் ஈரம் இருந்தால் தசை தெளிந்து தெரியாது. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கூடவே நீர் இறக்குகிற மாத்திரையும் போட்டுக்கொண்டாள். வெள்ளி காலையில் உதடு வெடித்திருந்தது.

"இத்திரி வெள்ளம் குடிச்சியா மக்கா?"

"வேண்டாம்மா. நாளைக்கு ராத்திரி குடிக்கியேன்."

நாளை ராத்திரி என்றால் உயிர்ப்புப் பூசை. கெட்டிக்காரி, என்னமாய் வைராக்கியம் என்று விக்டோரியா மெய்சிலிர்த்துப் போனாள்.

உச்சி வெயிலில் சிலுவைப்பாதை தொடங்கியது. ஜின்சி முழுக்கை அங்கி போட்டிருந்தாள். சிலுவையை எடுத்துத் தோளில் வைத்த லாகவத்தைப் பார்த்து ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். பாதி வழி வரை நேராக நடந்தாள். அதன் பிறகு கால் பின்னியது. இயேசு இரண்டாந்தரம் கீழே விழுகிறார் என்று உபதேசியார் வாசித்த இடத்தில் அவளும் விழுந்தாள். பார்த்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். செய்த பாவத்துக்கு எப்படி மனஸ்தாபப்படுகிறாள் பார் என்றார்கள். அவள் தொடை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அபினா ஒரு செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். ஜின்சி தலையைத் தூக்கிச் செம்பைப் பார்த்தாள். கை கொஞ்சம் நீண்டது. நீண்டது என்றுதான் விக்டோரியாவுக்குச் சாகும்வரை தோன்றப்போகிறது.

"ஏட்டி, குடுக்காத!" என்று விக்டோரியா குறுக்கே பாய்ந்தாள். "அவளுக்கு நேர்ச்சயாக்கும். இவ்வளவு நாளு காத்துட்டு இப்பம் முறிக்கவா?"

கை இறங்கிவிட்டது. ஜின்சி எழுந்தாள். மறுபடியும் சிலுவையைத் தூக்கி, குருசடி கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை போனாள். அவள் மறுபடி விழுந்தபோது, இயேசு மூன்றாந்தரம் விழுகிற இடத்துக்கு உபதேசியார் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால்தான் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உடம்பில் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை, இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போக வண்டியோடு காத்திருந்த ஜெபசீலன் மாஸ்டர், விஷயம் கேட்டு ஓடிவந்து வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"நாளைக்கு மேடையில ஏறணும்மா! தண்ணி நிறுத்தின பிறவு மாடிப்படிகூட ஏறக்கூடாதுண்ணு சொல்லியிருந்தேனே. மாத்திரைய நாந்தான் வாங்கிக் குடுத்தேன், பாவி. சிலுவைய யாரு தூக்கச் சொன்னா?"

விக்டோரியா அவரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோறு, உப்பு, தண்ணீர். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

சனிக்கிழமை மாலை அடக்கம். ஊரே திரண்டு வந்தது. விலக்கு நீங்கிவிட்டது என்று ஆன்ட்ரூஸ் சொன்னார். டிசம்பரில் அப்பா பெயரும் மகள் பெயரும் சேர்த்தே வாசிக்கப்படும் என்றார். குழியருகே பாதிரியார், இந்த மகள் தவறை உணர்ந்து மனஸ்தாபப்பட்டாள், தாகத்தோடு சிலுவை சுமந்து ஆண்டவரிடம் போனாள் என்றார். சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்துகிற சத்தம் எங்கும் கேட்டது. விக்டோரியா கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"இல்ல ஃபாதர்," என்றாள். "எனக்க மவ மனஸ்தாபப்படல்ல."

ஆன்ட்ரூஸ் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "விக்டோரியா, சும்மாரு. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லியேன்."

"தப்பு செஞ்சவளுக்குல்லா மனஸ்தாபம்? அவ இந்நேரம் திருவனந்தபுரத்துல மேடையில நிக்க வேண்டியவ. அந்த உடுப்பத்தான் போட்டுட்டு நின்னிருப்பா. ஜெயிச்சிருப்பா. அதுக்குத்தான் பட்டினி கெடந்தா. சிலுவைய உங்களுக்காவும் சொமக்கல்ல, ஆண்டவருக்காவும் சொமக்கல்ல. நான் கேட்டேன்னு சொமந்தா. வெள்ளத்துக்கு கை நீட்டினா. நான் குடுக்க விடல்ல."

ஆன்ட்ரூஸ் திரும்பி நடந்தார். அவர் பின்னால் கமிட்டிக்காரர்கள், அவர்கள் பின்னால் மற்றவர்கள். பாதிரியார் மீதி ஜெபத்தைத் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தார். பெட்டி இறங்கியது. வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட வேண்டும். விக்டோரியா ஒரு பிடி போட்டுவிட்டு, வழக்கப்படி அடுத்தவருக்கு இடம் விட்டு விலகி நின்றாள். யாரும் வரவில்லை. அவளே திரும்ப வந்து, அடுத்த பிடியையும் அள்ளிப் போட்டாள்.