மன்னார் பிரதிநிதியின் மாலை

இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு லண்டனில் இருந்தபடியே புத்தி சொல்ல ஓர் ஆலோசனைக் குழு முளைத்திருந்தது. 1989இல் லண்டனில் எதுதான் முளைக்கவில்லை? எல்லா மாவட்டத்தவரும் எல்லா இனத்தவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று தலைவர் கனகலிங்கம் மேடைக்கு மேடை சொன்னார். இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு எட்டுப் பேர், ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு ஒருவர் வீதம். மட்டக்களப்புக்கு பாலேந்திரா. அவர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தவர்தான். ஆனால் மட்டக்களப்பு வங்கியொன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தவர், போதாதா? திருகோணமலையின் பிரதிநிதி கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஒருமுறை குளித்திருக்கிறார். முஸ்லிம்களுக்காக இல்ஃபோர்ட் இறைச்சிக்கடை ஹனீபாவைச் சேர்த்தார்கள். முதற் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வைத்தார்கள். தொழுகைக்குப் போன மனிதர் வரவில்லை. 'ஆர்வம் காட்டவில்லை' என்று எழுதிவிட்டு, அவருடைய நாற்காலியை மட்டும் மேடையில் வைத்துக்கொண்டார்கள். சிங்களவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஒதுக்கியதோடு சரி.

மன்னாருக்கு மரியமலர். கத்தோலிக்கர், பெண், மன்னார் என்று மூன்று குறையை ஒரே ஆளால் தீர்த்த திருப்தி கனகலிங்கத்துக்கு.

அவள் இந்தக் கூத்துக்குள் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. தம்பி எட்வேட்டை, பத்தொன்பது வயதுப் பிள்ளையை, மன்னார் பஸ் நிலையத்தில் வைத்து ஆயுதக்காரர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாகாண சபையின் படைக்கு ஆள் சேர்க்கிறார்களாம். ஊர் மாதா கோயில் பங்குச் சுவாமி கொழும்புக்கு வந்து தொலைபேசியில் சொன்னார். மாகாண சபையில் செல்வாக்குள்ள ஆனந்தராஜா லண்டன் வருகிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார்.

வட லண்டன் எட்மண்டன் மண்டபத்தில் ஞாயிறு பகல் வரவேற்பு. பின்பக்கச் சமையலறையில் மீன் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த தட்டுக்கு மேலாக மரியமலர் தலைவரைப் பிடித்தாள்.

"அண்ணை, ஐயாவோடை எனக்கு ரெண்டு நிமிசம் வேணும். தம்பியின்ரை விசயம்."

"பிள்ளை, நாங்கள் இஞ்சை ஒரு மாகாணத்தின்ரை எதிர்காலத்தைக் கதைக்கிறம். இதுக்குள்ளை ஆளாளின்ரை சொந்த விசயத்தைக் கொண்டுவரேலாது." கனகலிங்கம் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "நீங்கள் மாலையைப் போட்டிட்டு, சிரிச்சுக்கொண்டு இறங்கினால் போதும். மைக் தேவையில்லை."

"ஓம் அண்ணை."

"இன்னொண்டு. ஐயாவின்ரை மகனும் கூட வந்திருக்கிறான். பெடியன் இஞ்சையே நிக்கப்போறான். நாளைக்கு உங்கடை ஒபீசுக்குத்தான் கூட்டிக்கொண்டு வாறம். பாத்துச் செய்யுங்கோ."

மரியமலர் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அகதி விண்ணப்பம் கொடுக்கிற பிள்ளைகள் சொல்வதை அங்கே தினமும் ஆங்கிலத்தில் சொல்பவள் அவள்தான்.

"ஏன், அங்கை அவருக்கு என்ன குறை?"

"வயசுப் பெடியள் ரோட்டிலை இறங்கேலாது பிள்ளை. பிடிச்சுக்கொண்டு போறாங்கள்."

"ஆர் பிடிக்கிறது?"

கனகலிங்கம் ரோல்ஸை விழுங்கினார். "அது... சூழ்நிலை."

சூழ்நிலைக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்பது மரியமலருக்கு அன்றுதான் தெரிந்தது.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் மகன் புதுக் கோட்டோடு, புது வெள்ளைச் சப்பாத்தோடு, சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். மேடையில் எட்டுப் பழைய மாணவர்களும் எட்டுத் தடவை ஒரே பேச்சைப் பேசினார்கள். பாலேந்திரா கிழக்கின் கண்ணீரைப் பற்றிச் சொல்லி, தன் கண்ணாடியைத் துடைத்தார். ஆனந்தராஜா எழுந்து, "எங்கடை மாகாணத்துக்கு இளைஞர்கள்தான் தூண்" என்றார். தூண்களில் ஒன்று முன்வரிசையில் கொட்டாவி விட்டது.

"இப்போது மன்னார் மாவட்டத்தின் சார்பில்!"

மரியமலர் மாலையோடு மேடை ஏறினாள். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். ஆனந்தராஜா கைகூப்பி, பழக்கப்பட்ட மனிதருக்கே உரிய லாவகத்தோடு கழுத்தைக் குனித்துக் கொடுத்தார்.

மாலை விழவில்லை.

குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். மாலை அவர் தலைக்கு ஒரு சாண் மேலே, அவள் இரண்டு கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, என்ரை தம்பி எட்வேட்டை மன்னார் பஸ் ஸ்ராண்டிலை பிடிச்சவங்கள். விடச்சொல்லுங்கோ."

"பிறகு கதைப்பம், பிள்ளை. போடுங்கோ."

"பிறகெண்டால் நீங்கள் காரிலை ஏறிப் போயிடுவியள்."

"அது என்ரை பொறுப்பில்லை. நான் மீன்பிடி இலாகா."

"அப்ப இந்த மாலை மீனுக்கோ?"

முதல் இரண்டு வரிசையில் சிரிப்புக் கேட்டது. ஆனந்தராஜாவால் நிமிரவும் முடியவில்லை. நிமிர்ந்தால் தலை மாலையில் இடிக்கும், அதுவும் வீடியோவில் பதியும். கனகலிங்கம் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "போட்டிட்டு இறங்கும்."

மரியமலர் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு உங்கடை மகன் எங்கடை ஒபீசுக்கு வாறார், ஐயா. ஆருக்குப் பயந்து வந்தனீர் எண்டு கேப்பினம். அவர் சொல்லுறதை நான்தான் இங்கிலீசிலை சொல்லவேணும். ஒரு சொல்லும் கூட்டமாட்டன், ஒரு சொல்லும் குறைக்கமாட்டன்."

அவள் மிரட்டவில்லை, தன் வேலையைத்தான் சொன்னாள். ஆனால் உண்மையை அப்படியே எழுதுவார்கள் என்பதைவிடப் பெரிய மிரட்டல் ஆனந்தராஜாவுக்கு வேறு இல்லை. முன்வரிசையைப் பார்த்தார். மகன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"போன் எங்கை இருக்கு?" என்றார் ஆனந்தராஜா.

மண்டபக் காவலரின் அறையில் இருந்தது. வெளிநாட்டு அழைப்புக்கு யார் பணம் கட்டுவது என்று கனகலிங்கமும் பாலேந்திராவும் வாசலிலேயே வாதாடினார்கள். உள்ளே, மாலையைக் கையில் வைத்தபடி மரியமலர் பக்கத்தில் நிற்க, மீன்பிடி மனிதர் திருகோணமலையில் யாரையோ 'தம்பி' என்று அழைத்து, பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். "கோயில் சுவாமியிட்டை ஒப்படையுங்கோ" என்றார். அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

திரும்பி மேடைக்கு வந்ததும் அவர் வீடியோவைப் பார்த்து மறுபடியும் கழுத்தைக் குனித்தார்.

"தம்பி வீட்டை வரட்டும், ஐயா. பிறகு போடுறன்."

மாலையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் அலுவலகத்தில் சட்டத்தரணி கேட்டார். அவள் தமிழில் கேட்டாள். ஆனந்தராஜாவின் மகன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயம்" என்றான். ஆர் என்று கேட்டதற்கு அவன் விழுங்கவில்லை. "அப்பாவின்ரை ஆக்கள்" என்றான். அந்தக் கூட்டத்திலேயே உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். மரியமலர் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் சுவாமியின் அழைப்பு வந்தது. எட்வேட் மொட்டைத் தலையோடு கோயில் வாசலில் இறக்கிவிடப்பட்டானாம், சோறு கேட்டானாம்.

மரியமலர் கொஞ்சம் அழுதாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பால் போத்தலுக்குப் பின்னால் கறுத்துப்போய்க் கிடந்த மாலையை எடுத்து, ஒரு பெரிய உறையில் திணித்து, ஐயாவுக்குச் சேர்க்கும்படி தலைவர் கனகலிங்கத்தின் முகவரியை எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் 'மன்னார் பிரதிநிதி' என்று போட்டாள்.